டர்பன் தமிழர்களுக்கு இரண்டாவது பெயர் எங்கிருந்து வருகிறது?

சென்னையிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து ஏழு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இங்குள்ள தமிழர்களின் பெயர்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. அலுவலகக் கதவில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. எல்லோரும் கூப்பிடுவது வேறு பெயர். பாட்டிமார் பலருக்கு 'பேபி', 'டாலி' என்று பெயர். பட்டப்பெயர் ஒருவருக்கு எப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது? என்னையும் இப்போது 'மெட்ராஸ்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இதை ஏற்பதா, மறுப்பதா?"

தம்பி, இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. நான் டர்பனின் கிளேர்வுட் பகுதியில் பிறந்து சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்தவன். இந்த மண்ணில் நான்காம் தலைமுறை. முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு, தங்கள் முன்னோரைத் தேடி வரும் குடும்பங்களுக்குப் பழைய கப்பல் பட்டியல்களைப் படித்துச் சொல்கிறேன். காகிதத்தில் உள்ள பெயருக்கும் வாயில் உள்ள பெயருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அங்கேதான் தினமும் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புனைபெயரை ஒருவர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளலாம். பட்டப்பெயரை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அது மற்றவர்கள் கொடுப்பது. ஆகவே ஒரு பட்டப்பெயரைக் கேட்டால் அதன் பொருளைவிட, அதை வைத்தவர் யார், எந்தக் கண்ணால் பார்த்து வைத்தார் என்பதையே நான் முதலில் விசாரிப்பேன்.

கப்பலிலிருந்து தொடங்குகிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. 1911 வரை இப்படி 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நெட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடம்பில் உள்ள தழும்பு என்று வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். முழங்கால் தழும்பைக் குனிந்து பார்த்து எழுதிய எழுத்தர், பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். ஆறுமுகம் என்ற ஒரே பெயரை ஒரே குடும்பத்தின் காகிதங்களில் மூன்று விதமான எழுத்தில் பார்த்திருக்கிறேன். பிறகு குடும்பப்பெயர் என்ற கட்டாயம் வந்தது. நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் ஒரு தலைமுறைக்குத்தான் முன்னால் நிற்கும். இங்கே அது உறைந்துவிட்டது. முனுசாமியின் மகன் பெருமாள், 'பெருமாள் முன்சாமி' ஆனார். அவருடைய பேரனின் பேரனும் இன்று முன்சாமிதான். மற்றவர்களுக்குச் சாதிப்பட்டம் குடும்பப்பெயராகி, கவுண்டர் 'கோவெண்டர்' ஆகி, முதலி 'மூட்லி' ஆகி நிற்கிறது.

தோட்டத்து முதலாளிகளுக்கு அந்தப் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை. ஆண் என்றால் 'சாமி', பெண் என்றால் 'மேரி'. காய்கறிக் கூடை சுமந்து வீதியில் விற்கப் போன எங்கள் பாட்டிமார் அத்தனை பேரும் வெள்ளையர் வீட்டு வாசலில் மேரிதான். 1893இல் இங்கே வந்த காந்தி, தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். தமிழர் பெயர்களின் முடிவில் 'சாமி' வருவதைப் பிடித்துக்கொண்டு வெள்ளையர்கள் எல்லா இந்தியரையும் அப்படி அழைத்தார்களாம். சில இந்தியர்கள் திருப்பிச் சொன்னார்களாம்: சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று. அந்தப் பதிலைச் சொன்னவர் யாரோ, நான் அவரை மனதால் வணங்குகிறேன். கூட்டத்தில் ஒருவரைத் தனியாகப் பிரித்துக் காட்டுவதுதான் பட்டப்பெயரின் வேலை. 'சாமி' என்ற அழைப்பு ஆயிரம் பேரை ஒருவராக்கி, அந்த ஒருவரையும் பார்க்காமல் கடந்து போக உதவியது. அதைப் பட்டப்பெயர் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

ஆனால் அதே கப்பல் பட்டியலில் தாய்மார்கள் வைத்த பட்டப்பெயர்களும் ஒளிந்திருக்கின்றன. குப்புசாமி, குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிட்டம்மாள். பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து 'குப்பு' என்று பெயர் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினால் தவிடன் அல்லது தவிட்டம்மாள். இந்தப் பிள்ளை யாருக்கும் வேண்டாதது, எமன் கூடத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிக் காப்பாற்றும் பெயர் அது. இங்கே சிலருக்குக் 'கூப்பன்' என்று குடும்பப்பெயர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். டிக்கெட், கூப்பன் என்று நினைத்து அந்தப் பெயருக்காக வெட்கப்பட்ட ஓர் இளைஞரிடம், உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு முன்னால் அந்தத் தாய் எத்தனை பிள்ளைகளைப் புதைத்திருப்பாளோ, அதற்குப் பிறகு பிழைத்த பிள்ளையின் பெயர் இது என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பட்டியலின் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நீங்கள் கேட்ட பேபி, டாலி. தமிழ்நாட்டு வீடுகளில் 'பாப்பா', 'குட்டி', 'சின்னக்கண்ணு' என்று கூப்பிடுவதைத்தான் எங்கள் பாட்டிமாரின் தாய்மார்கள் ஆங்கிலம் கலந்து கூப்பிட்டார்கள். 'பேபி', 'கேர்ளி', 'சன்னி', 'போயா' எல்லாம் அந்த வகை. எண்பது வயதிலும் பேபி பேபிதான். எங்கள் காதுக்கு அதில் விசித்திரம் எதுவும் இல்லை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர் வைப்பது வழக்கம்; பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதானே. ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத தாய் என்ன செய்வாள்? 'பெரியவனே' என்பாள், 'ராஜா' என்பாள், 'தம்பி' என்பாள். தெருவும் அதையே பிடித்துக்கொள்ளும். இப்படி மரியாதையிலிருந்து பிறந்த செல்லப்பெயர்கள் எங்கள் குடும்பங்களில் ஏராளம்.

உறவுச்சொல்லே ஒருவருடைய பெயராகி வரலாற்றில் ஏறியதற்கு இந்த நாட்டில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1875இல் மொரீஷியசில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க்கில் வண்டி வாடகைத் தொழில் செய்து, தமிழர் சங்கத்துக்குத் தலைவராகி, சத்தியாகிரகத்தில் திரும்பத் திரும்பச் சிறை சென்ற தம்பி நாயுடு. முழுப்பெயர் கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு. முன்னால் உள்ள இரண்டு பெயர்களையும் சொன்னால் இன்று யாருக்கும் அடையாளம் தெரியாது. 1908 ஜனவரியில் சிறைக்குள்ளிருந்து அரசாங்கத்துக்கு அனுப்பிய சமரசக் கடிதத்தில் காந்தியோடு கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். தன் பிள்ளைகள் நால்வரைக் காந்தியிடம் ஒப்படைத்தவர். அவ்வளவு பெரிய மனிதரைக் கடைசிவரை எல்லோரும் தம்பி என்றே அழைத்தார்கள். எனக்கு இதைவிட அழகான பெயர் தெரியவில்லை.

வள்ளியம்மையை நினைத்துப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 1898இல் பிறந்து, சிறையில் நோய்ப்பட்டு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி பதினாறு வயதில் இறந்துபோன பெண். தமிழ்நாடு அவளைத் தில்லையாடி வள்ளியம்மை என்கிறது. தில்லையாடி அவள் பிறந்த ஊர் அன்று, முன்னோர் ஊர். இங்குள்ளவர்களுக்கு அவள் வள்ளியம்மா முதலியார். இறந்த பிறகு தாய்நாடு அவளை அள்ளி எடுத்துக்கொள்ள வைத்த அடைமொழி அது. ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்தால் அந்த ஊர் அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது என்று பொருள். உங்கள் 'மெட்ராஸ்' விஷயத்துக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம், ஏனென்றால் பாதிப் பெயர்கள் அங்கேதான் விளைகின்றன. நீளமான தமிழ்ப் பெயரைச் சிநேகிதர்கள் முதல் துண்டில் வெட்டி, கடைசியில் ஓர் 'இ' அல்லது 'ஸ்' ஒட்டிவிடுவார்கள். லோகநாதன் லோகி ஆவான். ஸ்ரீநிவாசன் என்ற பெயர் இங்கே நடுவில் ஒரு 'ட்' சேர்ந்து 'ஸ்ட்ரினிவாசா' ஆகி, ஸ்ட்ரினி ஆகும். கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தில் நின்று ராபன் தீவுச் சிறைக்குப் போன ஸ்ட்ரினி மூட்லியின் பெயர் அப்படி வந்ததுதான். அவரோடு அதே வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற சாத்ஸ் கூப்பரின் பெயர் சதாசிவன். கிளேர்வுட்டில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாக 1941இல் பிறந்து, நீதிபதியாகி, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளையின் பெயர் நவநீதம். எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருப் பெயர் உலகச் சபையில் ஒலித்ததைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. டாக்டர் மான்டி நாயக்கரைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1946 சாத்வீக எதிர்ப்புப் போராட்டத்தின் தலைவர். அவர் கங்காதுர மொகாம்ப்ரி நாயக்கர். மருந்துச் சீட்டிலும் அரசியல் மேடையிலும் ஒரே பெயர்: டாக்டர் மான்டி.

இந்தச் சுருக்கங்களைப் பார்த்துத் தமிழ் அழிந்துவிட்டது என்று வருத்தப்படும் தமிழ்நாட்டு நண்பர்கள் உண்டு. நான் மாறாகப் பார்க்கிறேன். எங்கள் வீடுகளில் இன்று பேச்சுமொழி ஆங்கிலம். தமிழ் மிஞ்சி நிற்கும் இடங்கள் மிகக் குறைவு: கோயில் பாட்டு, கூழ் ஊற்றும் பூசை, சமையலறைச் சொற்கள், தாத்தா, அக்கா, பெரியம்மா என்னும் உறவுச்சொற்கள், பிறகு இந்தப் பெயர்கள். 'சாத்ஸ்' என்ற குறுகிய ஒலிக்குள் சதாசிவன் உயிரோடு இருக்கிறார்.

ஆசிரியர் வசதிக்காகப் பெயரையே மாற்றிவிடுவது வேறு சங்கதி. மண்டேலாவின் பெற்றோர் வைத்த பெயர் ரோலிஹ்லாஹ்லா. பள்ளியில் முதல் நாளன்று ஆசிரியை இனி உன் பெயர் நெல்சன் என்று சொல்லிவிட்டார். தமிழ்ப் பத்திரிகைகள் 'மடிபா' என்பதை அவருடைய செல்லப்பெயர் என்று எழுதுகின்றன, அது தவறு. மடிபா அவருடைய குலத்தின் பெயர், ஒரு மூதாதையின் பெயர். அதைச் சொல்லி அழைப்பது அவரை முன்னோர் வரிசையில் நிறுத்தி வணங்குவது.

சுலு மக்கள் வைக்கும் பட்டப்பெயர்கள் தனி உலகம். அவர்கள் ஆளை நன்றாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். நெட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் கொலென்சோ சுலு மக்களுக்காகத் தன் இனத்தாரோடு மோதியவர். அவருக்கு 'சோபாந்து' என்று பெயர் வைத்தார்கள், மக்களின் தந்தை என்று பொருள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இன்றும் அந்தப் பெயரில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. தந்தைக்குப் பின் அவர் பணியைத் தொடர்ந்த மகள் ஹாரியெட்டுக்கு, தந்தை ஊன்றிய கைத்தடி என்று பொருள்படும் பெயர் கொடுத்தார்கள். நம் சங்க இலக்கியத்திலும் இந்தக் கண் உண்டு. தலைவி தன் காதல் துயரை, விலக்கிவிட யாருமில்லாத குப்பைமேட்டுக் கோழிகளின் தனிச்சண்டையோடு ஒப்பிட்டுச் சொல்லும் குறுந்தொகைப் பாட்டு ஒன்றுண்டு. அதைப் பாடியவர் குப்பைக்கோழியார் என்றே நிலைத்துவிட்டார். தாய் வைத்த பெயர் போய், ஓர் உவமை அவர் பெயராயிற்று.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். என் அப்பாவைக் கிளேர்வுட்டில் 'டார்ச்' என்பார்கள். தகரமும் மரமும் கொண்டு கட்டிய வீடுகள், ஈரமணல் சந்துகள், தெருவிளக்கு இல்லை. துணி ஆலைகளில் இரவு வேலை முடிந்து பெண்கள் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அப்பா மூன்று பேட்டரி போடும் நீளமான இரும்பு டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பார். அவர்களுக்கு முன்னால் நடக்க மாட்டார். பின்னால் நடந்து, அவர்கள் கால் வைக்கும் இடத்தில் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு வாசலாக விட்டுவிட்டு வீடு திரும்பும்போது எனக்குப் பாதித் தூக்கம் போயிருக்கும். பேட்டரி தீர்ந்துபோகாமல் இருக்க, பகலில் அதை அடுப்படி ஜன்னலில் வெயிலில் வைப்பார் அம்மா. சூடு பட்டால் இன்னும் கொஞ்சம் எரியும் என்று நம்பிக்கை. டார்ச் அண்ணன் என்று யாரோ ஒரு பெண்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு கடைக்காரர், பஸ் நடத்துநர், கோயில் பூசாரி, எல்லோருக்கும் அவர் டார்ச்.

இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற குழுப்பகுதிச் சட்டத்தின் பேரில் எங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றினார்கள். அங்கே தெருக்களுக்குப் பெயரே கிடையாது, எண்கள்தான். வீட்டுக்கும் எண். பகுதிக்கும் எண். எங்கள் தெருவில் மட்டும் மூன்று முனுசாமிகள் இருந்தார்கள். தபால்காரர் எண்ணைப் பார்த்துக் கடிதம் கொடுத்துவிடுவார். மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவர் பஸ் முனுசாமி, ஒருவர் நெட்டை முனுசாமி, மூன்றாமவர் கடலில் வலை இழுத்துவிட்டு வந்தவர் என்பதால் வலை முனுசாமி. அரசாங்கம் கொடுத்த எண்களின் மேல் எங்கள் மக்கள் தாங்களாகவே ஒரு ஊரைப் பெயர்களால் எழுப்பிக்கொண்டார்கள். பழைய வீடுகளை இழந்து வந்தவர்கள் பட்டப்பெயர்களைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அப்பா காலமானபோது பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை முழுதாக, பிழையில்லாமல் கொடுத்தேன். படித்த மகன் அல்லவா, ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, மெரிபேங்கிலிருந்து ஒரு வயதான அம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். வாசலில் நின்று, "டார்ச் அண்ணன் போனதை எனக்கு யாரும் சொல்லவில்லையே, பேப்பரில் தினமும் பார்ப்பேனே" என்று அழுதார். அந்த அறிவிப்பை அவர் படித்திருந்தார். யாரோ ஒருவர் என்று பக்கத்தைத் திருப்பியிருந்தார். அந்தப் பெயர் தனக்கு வெளிச்சம் காட்டிய மனிதருடையது என்று அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து மரண அறிவிப்பு எழுத என்னிடம் யார் வந்தாலும், கூப்பிடும் பெயரைக் கேட்டு முதல் வரியிலேயே போடச் சொல்கிறேன். சிலர் தயங்குவார்கள், கௌரவமாக இருக்காது என்பார்கள். வற்புறுத்தியே போட வைத்திருக்கிறேன்.

எல்லாப் பட்டப்பெயரையும் நான் தூக்கிப்பிடிக்கவில்லை. நிறத்தை வைத்துக் கூப்பிடும் பெயர்கள் எங்களிடமும் உண்டு. 'கறுப்பி' என்று என் வகுப்பில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள், செல்லம்போல. அவள் பன்னிரண்டு வயதில் வகுப்புப் புகைப்படத்துக்கு வர மறுத்தாள். மனிதரை நிறம் பார்த்துப் பதிவு செய்ய 1950இல் சட்டமே போட்ட நாடு இது. அந்தச் சட்டத்தால் அடிபட்ட வீடுகளுக்குள்ளேயே அதே அளவுகோலை எடுத்து ஒரு குழந்தையின் தலையில் வைத்தால் அதற்குச் செல்லம் என்று பெயரில்லை. ஊனத்தையும் திக்கு வாயையும் வைத்துக் கூப்பிடுவதும் அப்படித்தான். ஆசிரியராக இருந்த காலத்தில் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. கூப்பிடப்படுபவர் திரும்பிப் பார்க்கும்போது முகத்தைக் கவனித்தால் போதும்; அது செல்லமா, காயமா என்று அங்கே தெரிந்துவிடும்.

இனி உங்கள் மெட்ராஸ். எங்கள் முன்னோர் பெரும்பாலானோர் கப்பல் ஏறிய துறைமுகம் அது. இங்குள்ள ஒரு கிழவருக்கு அந்தச் சொல், தன் பாட்டி கடைசியாகக் கரையைப் பார்த்த இடம். கேலிக்காக எடுக்கும் சொல்லாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் பெயர் உங்களுடையது. அது உறுத்துகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதலில் வைத்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள். உங்கள் பேச்சைக் கேலி செய்யும்போது மட்டும் சொல்கிறாரா, சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்துவிட்டும் சொல்கிறாரா என்று ஒரு வாரம் பாருங்கள். முன்னது என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள், உங்கள் முழுப்பெயரையும் எப்படி உச்சரிப்பது என்பதையும். மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. பின்னது என்றால், அடுத்த முறை அவர் கூப்பிடும்போது அவருடைய பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். சாப்பாட்டு இடைவேளை போதாது. மாலையில் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவார்.